திரௌபதியின் எடை

திங்கட்கிழமை காலை பக்கிரி தன் மனைவி திரௌபதியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். நான்கு நாட்களாக நீர்க்கடுப்பு என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனவள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிர் நடுக்கத்தில் படுத்தாள். அப்புறம் எழுந்து நிற்கவில்லை. இரண்டு புடவைகளைச் சுற்றி, அதற்கு மேல் மகன் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்வெட்டரையும் மாட்டி, பக்கிரி அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்.

இருவருக்கும் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் விலாவில் கோடு மாதிரி ஒரு தழும்பு ஓடும். அதை ஈரப் பஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்குவது திரௌபதியின் வேலை. காய்ந்த பொம்மைகளைப் பலகையில் வைத்துத் தூக்கிப்போய்ச் சூளைக்குள் அடுக்குவது பக்கிரியின் வேலை. அவளுக்கு அறுபத்திரண்டு வயது, அவருக்கு அறுபத்தாறு.

ஆஸ்பத்திரி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இருபத்தைந்து படுக்கைகள். மாடியில் வார்டு, கீழே டாக்டர் அறையும் மருந்தகமும். எடை பார்க்கும் மிஷின் கீழேதான் இருந்தது. மாடியில் கேஸ் ஷீட் எழுதிய நர்ஸ் விமலாராணி பக்கிரியைக் கேட்டாள்.

"அம்மாவால நிக்க முடியுமாங்க அய்யா?"

"எங்க சிஸ்டரு, ஒக்காரவே முடியல."

"எவ்ளோ வெயிட்டு இருப்பாங்க?"

"அறுபது கிலோ," என்றார் பக்கிரி, யோசிக்காமல்.

அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனியில் ஒருமுறை மருத்துவ முகாம் போட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு அறுபது, இவருக்கு ஐம்பத்தைந்து. "என்ன வுட நீ அஞ்சு கிலோ ஜாஸ்தி" என்று அன்றைக்கெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தார். அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய முகாம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. விமலாராணி அறுபது என்று எழுதினாள். கால் இரண்டும் வீங்கி, மேலே துணியும் ஸ்வெட்டருமாகப் படுத்திருந்தவளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

டாக்டர் அன்புச்செல்வன் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். நீர்ப்பையில் தொடங்கிய கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டினால் இந்தக் கழிவு இரத்தத்தில் குறைவாக இருக்கும். அது சோர்ந்துபோனால் தேங்கி ஏறும். வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். பல மருந்துகள் சிறுநீர் வழியாகத்தான் உடம்பை விட்டுப் போகின்றன. வடிகட்டுவது குறைந்தால் மருந்தையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் நேற்றுப் போட்டது உள்ளேயே நிற்க, அதன்மேல் இன்றைக்குப் போட்டதும் சேரும்.

அன்புச்செல்வன் இது தெரியாதவர் இல்லை. வெளியே எழுபது பேர் காத்திருந்தபோதும் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்துநான்கு வந்தது. செஃபிபைம் என்ற ஊசி மருந்தை மூன்று வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகக் குறைத்து எழுதினார். கணக்கைச் சரியாகத்தான் போட்டார். அதற்குள் போன அறுபதுதான் தவறு.

சீட்டை எடுத்துக்கொண்டு பக்கிரி கீழே மருந்தகத்துக்கு வந்தார். அங்கே இருந்தவள் ஃப்ளோரா. பார்மசி படித்துவிட்டு ஏழு வருஷமாக அந்தக் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள். சீட்டைப் பார்த்ததும் கேட்டாள்.

"அம்மாவுக்கு சுகர் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா, பத்து வருசமா. முட்டி வலியும் இருக்குது. அதுக்கும் தெனம் மாத்திர போடுவா."

"என்னா மாத்திரைங்க?"

"பேரு தெரியல. மெடிக்கல்ல முட்டி வலின்னு கேட்டா குடுப்பாங்க. செவப்பா இருக்கும். ஏழெட்டு வருசமா போடுறா. போட்டாத்தான் வேலைக்குக் குந்த முடியும்."

ஃப்ளோராவுக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. சர்க்கரை நோயோடு இத்தனை வருஷ வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் அறைக்குப் போன் போட்டு, இந்த அளவு சரிதானா என்று கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இப்போது வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு டாக்டரிடம் இப்படித்தான் கேட்டாள். "மருந்து எழுதுறது என் வேல. எடுத்துக் குடுக்குறது ஒங்க வேல" என்று வார்டில் எல்லோரும் கேட்க அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டாள். குப்பிகளை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. புதன்கிழமை சுத்தமாக இல்லை. திரௌபதி இரண்டு இட்லி சாப்பிட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சல் போய்விட்டதே என்று இரத்தத்தை மறுபடி யாரும் பரிசோதிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பக்கிரி மறுபடி மருந்தகத்துக்கு வந்தார். சட்டை கசங்கி, முகத்தில் நான்கு நாள் தாடி. கையில் இரண்டு சீட்டுகள். ஒன்று அதே செஃபிபைம். இன்னொன்று மனக் குழப்பத்தை அடக்கும் மருந்து.

"இது யாருக்குங்கய்யா?" என்றாள் ஃப்ளோரா.

"அவளுக்குத்தாம்மா." பக்கிரியின் குரல் உடைந்திருந்தது. "விடியறதுலேர்ந்து ஒளறிக்கிட்டு இருக்கா. என்னயத் தெரியல. யாரு நீ, பொம்ம மேல காலு வக்காத, தள்ளிப் போங்கறா. கை ரெண்டும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது. பொம்மைய தொடைக்கிற மாதிரியே காத்துல தொடைக்கிறா. மூளையில அடப்பா இருக்கும், பாண்டிச்சேரிக்குப் போயி ஸ்கேன் எடுக்கணும்ங்கறாரு டாக்டரு. பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸு வருது. எனக்கென்னமோ வூட்டுக்கே கொண்டு போயிடலாம்னு இருக்குதும்மா. போறதுன்னா எங்க வூட்டுல போவட்டும்."

ஃப்ளோரா இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் போன பிறகு குழப்பம். கை துடிப்பு. மூன்று நாள், ஆறு வேளை மருந்து. சிறுநீரகம் வடிகட்ட முடியாமல் இந்த மருந்து உடம்பில் சேர்ந்தால் மூளையைக் கலக்கும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. அவள் மருந்து எதையும் எடுக்கவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு எழுந்தாள்.

"வாங்கய்யா, மேல போவலாம்."

ஏழு வருஷத்தில் அவள் வார்டுக்குள் போனது பத்துத் தடவைகூட இருக்காது. திரௌபதி கண்ணைத் திறந்துகொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். ஸ்வெட்டரும் மேல்துணியும் இல்லாமல் இப்போது நைட்டியில் இருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தோள் குச்சியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் அறுபது கிலோ.

விமலாராணி பத்து மணி ஊசியை ஏற்றத் தயாராகக் கையில் வைத்திருந்தாள்.

"சிஸ்டர், இந்த அறுபது எப்ப பாத்தது?"

"பாக்கலக்கா. நிக்க முடியல அவங்களால. அய்யா சொன்னாரு, எழுதனேன்."

"அந்த ஊசியப் போடாதீங்க. அர மணி நேரம் நிறுத்துங்க. நான் சாரக் கூட்டிட்டு வரேன்."

"சார் சொல்லாம எப்பிடிக்கா நிறுத்துறது?"

"கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

விமலாராணி ஒரு நிமிஷம் திரௌபதியின் துடிக்கும் கைகளைப் பார்த்தாள். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். "எடய இப்பவே பாத்துடலாம்க்கா" என்று சொல்லிவிட்டு அவளே கீழே போய் எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நிற்க முடியாதவளை எப்படி எடை பார்ப்பது? ஃப்ளோரா பக்கிரியைப் பார்த்தாள்.

"அய்யா, நீங்க மொதல்ல தனியா ஏறி நில்லுங்க. அப்பறம் அம்மாவத் தூக்கிக்கிட்டு நில்லுங்க. முடியுமா?"

பக்கிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஐம்பத்தேழு. இறங்கி, கட்டிலுக்குப் போய், மனைவியின் முதுகுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையுமாகக் கொடுத்தார். பச்சைப் பொம்மைகள் நிறைந்த பலகையை நாற்பது வருஷம் ஆடாமல் அசையாமல் தூக்கிப் பழகியவர். கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அவள் சட்டென்று மேலே வந்துவிட்டாள். அவருக்கு ஒரு கணம் தடுமாறிவிட்டது. வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக மிஷின்மேல் ஏறி நின்றார்.

தொண்ணூற்றைந்து.

"முப்பத்தெட்டு," என்றாள் விமலாராணி, வாய்க்குள்ளாகவே.

பக்கிரி இறங்கவில்லை. மனைவியைக் கையில் ஏந்தியபடியே நின்றார்.

"ஒரே வூட்டுலதான இருக்கறேன்," என்றார். "தெனம் ஒண்ணாத்தான வேலைக்குப் போறம். இவ்ளோ லேசா ஆயிட்டாளே, எனக்குத் தெரியலியே."

ஃப்ளோரா அவர் முழங்கையைப் பிடித்து இறக்கினாள்.

கீழே டாக்டர் அறைக்கு வெளியே கூட்டம் நின்றது. உள்ளே அன்புச்செல்வன் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃப்ளோரா கதவருகே நின்றாள்.

"பத்து நிமிஷம், ஃப்ளோரா," என்றார் அவர் திரும்பாமல்.

"பத்து நிமிஷம் முடியாது சார். பன்னெண்டாம் பெட்டு அம்மாவோட எடை அறுபது இல்ல. முப்பத்தெட்டு. இப்பதான் பாத்தோம். பத்து மணி ஊசிய நிறுத்தச் சொல்லிட்டேன்."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். ஃப்ளோராவை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். முப்பத்துநான்கு இருபத்திரண்டாக மாறியது.

"இதுவும் திங்கக்கெழம ரத்தத்துக்கு," என்றார். "இன்னிக்கு இன்னும் மோசமா இருக்கும். லேபுக்குச் சொல்லுங்க, நான் மேல போறேன்."

அரை மணியில் முடிவு வந்தது. கிரியாட்டினின் இரண்டு புள்ளி நான்கு. நிமிடத்துக்குப் பதினைந்து மில்லிகூட வடிகட்டவில்லை. மூன்று நாட்களாகப் போட்ட மருந்தில் பாதிக்கு மேல் அவளுக்குக் கூடுதல். அன்புச்செல்வன் பாண்டிச்சேரியில் இருந்த சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்துப் பேசினார். மருந்தை உடனே நிறுத்துங்கள், வலிப்பு வருகிறதா என்று பக்கத்திலிருந்தே பாருங்கள், இரண்டு மூன்று நாளில் தெளிவு வர வேண்டும், வராவிட்டாலோ மோசமானாலோ டயாலிசிஸுக்கு இங்கே அனுப்புங்கள், மூளை ஸ்கேனையும் விட்டுவிட வேண்டாம் என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அன்புச்செல்வன் பக்கிரியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃப்ளோராவும் விமலாராணியும் நின்றார்கள்.

"அய்யா, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. நாங்க போட்ட மருந்து அம்மாவுக்கு அளவுக்கு மேல போயிடுச்சி. அவங்க கிட்னி சரியா வேல செய்யல. மருந்து வெளிய போவாம உள்ளயே சேந்துக்கிச்சி. இந்தக் கொழப்பம் அதாலதான்னு நெனைக்கிறோம். நிறுத்திட்டோம். சரியாயிடும்னுதான் நம்புறோம், ஆனா நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா இங்கயே வச்சிப் பாக்கலாம். எங்க மேல நம்பிக்க இல்லன்னா அங்கயே சேத்துடுங்க. எல்லாப் பேப்பரும் எழுதித் தரேன்."

பக்கிரி துடித்துக்கொண்டிருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான அறுபதுன்னு சொன்னேன்," என்றார். "என் வாயாலதான் வந்துது."

"இல்லைங்கய்யா," என்றார் டாக்டர். "ஒங்களக் கேட்டதுதான் எங்க தப்பு. எடைய மிஷினத்தான் கேக்கணும். அப்பறம், ரெண்டாம் நாளே ரத்தத்த மறுபடி பாத்திருக்கணும். அது நான் பண்ணியிருக்க வேண்டியது. ஒங்களுது எதுவும் இல்ல."

ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. சாயங்காலமே அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார் பக்கிரி. ஏன் அங்கேயே சேர்க்கவில்லை என்று விமலாராணி கேட்டதற்கு, "தப்ப ஒத்துக்கிட்டாரில்ல, இனிமே ஜாக்கிரதையாப் பாப்பாரு" என்றார்.

ஆனால் வெள்ளிக்கிழமை எந்த மாற்றமும் இல்லை. கை துடிப்பு அப்படியே இருந்தது. திரௌபதி பேசுவதையும் நிறுத்திவிட்டாள். மத்தியானம் சலைன் பாட்டில் வாங்க வந்த பக்கிரி, மருந்தகச் சன்னலில் நின்று திடீரென்று கத்த ஆரம்பித்தார்.

"நீதானம்மா எடுத்துக் குடுத்த! அம்மாவுக்கு சுகரு இருக்குதா, என்னா மாத்திர போடுறாங்கன்னு எல்லாம் கேட்டியே! கேட்டுட்டு அப்பறம் ஏன் குடுத்த?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ளோரா எழுந்து நின்றாள்.

"ஆமாங்கய்யா. அன்னிக்கே சந்தேகம் வந்துது. போன எடுத்தேன், டாக்டரு என்னா சொல்வாரோன்னு பயந்து வச்சிட்டேன். கேட்டிருக்கணும்."

அவள் ஏதாவது சமாதானம் சொல்லுவாள் என்று பக்கிரி எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் கை சன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றது. பிறகு பாட்டிலை வாங்கிக்கொண்டு படியேறிப் போனார். அன்று மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் ஃப்ளோரா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விமலாராணியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கொஞ்சம் கூடியிருந்தது. அதைப் போய் அன்புச்செல்வனிடம் சொன்னபோது அவரும் அதே எண்ணைத் தன் சீட்டில் எழுதிவைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துபோயிருந்த பக்கிரியை யாரோ தட்டினார்கள்.

"யோவ். என்னாய்யா இது, தாடியும் கீடியுமா குந்தியிருக்க? வேலைக்குப் போவலியா?"

பக்கிரி எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "நான் யாரு, சொல்லு?" என்றார்.

"ஒனக்கு என்னா பைத்தியமா?" என்றாள் திரௌபதி. "தண்ணி குடு. நாக்கு ஒட்டிக்கிட்டு கெடக்குது."

அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. வார்டுக்கு வெளியே ஓடி, படியில் நின்று, "ஃப்ளோராம்மா! சிஸ்டரு! டாக்டரு!" என்று யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

கிருமி எந்த வகை என்ற பரிசோதனை முடிவும் அன்றுதான் வந்தது. அதற்கு ஏற்ற வேறொரு மருந்தை அன்புச்செல்வன் தேர்ந்தெடுத்தார். அளவை எழுதுவதற்கு முன்னால் மருந்தகத்துக்கு இறங்கி வந்து, சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, "முப்பத்தெட்டு கிலோ, கிரியாட்டினின் இன்னிக்கு ரெண்டு. நீங்களும் ஒருதரம் போட்டுப் பாருங்க" என்றார். இருவரும் தனித்தனியாகப் போட்டார்கள். ஒன்றாகத்தான் வந்தது. ரொம்பக் குறைத்துவிட்டாலும் கிருமி சாகாதே என்று ஃப்ளோரா கேட்டாள். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, சிறுநீரகம் தேறத் தேற மருந்தையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவுசெய்தார்கள். திங்கட்கிழமை ஒருமுறை கூட்டினார்கள்.

பத்தாம் நாள் புதன்கிழமை திரௌபதிக்கு டிஸ்சார்ஜ். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஏழில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே அது இனி இறங்காது, பழைய வலி மாத்திரைகள் செய்த சேதம் அது என்றார் டாக்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி போய்க் காட்ட வேண்டும். மருந்துகளை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல ஃப்ளோரா மாடிக்குப் போனாள். திரௌபதி தலை வாரிக்கொண்டு, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் செவப்பு மாத்திர இனிமே வேண்டாம்மா. அதே மாதிரி வேற எதுவும் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் எனக்குக் கிட்னி கம்மின்னு மொதல்ல சொல்லிடணும்."

"அப்ப முட்டி வலிக்கு என்னா பண்றது?"

"வேற மாத்திர எழுதியிருக்காரு. அது அவ்ளோ கேக்காது," என்றாள் ஃப்ளோரா. "தரையில குந்தாதீங்க. மேச போட்டுத் தரச் சொல்லுங்க கம்பெனியில."

"கேட்டுட்டேன்," என்றார் பக்கிரி. "நேத்தே போயி மொதலாளிகிட்ட நின்னேன். மேசயும் ஸ்டூலும் போட்டுருக்காங்க."

திரௌபதி ஃப்ளோராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததெல்லாம் பக்கிரி அவளிடம் சொல்லியிருந்தார். ஃப்ளோரா போனை எடுத்ததும் வைத்ததும்கூட. உளறிக் கிடந்த அந்த மூன்று நாட்களில் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை.

"வாம்மா இப்பிடி, குந்து," என்று கட்டிலைத் தட்டினாள். "ஏன் மூஞ்சி இப்பிடி இருக்குது ஒனக்கு? தூங்குனியா இல்லியா?"

ஃப்ளோரா உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சரி சரி," என்றாள் திரௌபதி. மண்ணிலும் ஈரத்திலும் நாற்பது வருஷம் ஊறிக் கெட்டிப்பட்ட உள்ளங்கையால் அவள் முதுகைத் தடவினாள். "நான்தான் பொழச்சிட்டேனே. நீ படியேறி வந்ததாலதான பொழச்சேன். அழுவாத. கீழ மருந்துக்கு ஆளுங்க நிப்பாங்க, போ."